வீட்டுக்கோழியும் வேட்டையிறைச்சியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில், குடும்பத்தாரும் உடனிருக்க நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதியைப் பற்றியோ மாணவர் விடுதியைப் பற்றியோ யாம் இன்று பேசக்கூடுமென்று உங்களிற் பலர் எண்ணியிருப்பீர்கள். அவையெல்லாம் இன்றியமையாதனவே. ஆயினும், நம் வீடுகளின் அடுக்களையில் நாள்தோறும் நிகழும் ஒரு காரியத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல அநுமதி வேண்டுகின்றோம். சரீர சுகம் இல்லாத சமூகத்திற்குக் கல்வியாலும் கட்டடத்தாலும் வரும் பயன் குறைவேயாகும். ஆகலின் இவ்விஷயம் இச்சபைக்கு உரியதே என்பது எம் துணிபு.

முதலில் எம் சொந்த இல்லத்தில் நடந்த ஒன்றைச் சொல்கின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் மருமகள் ஓர் ஆண் மகவைப் பெற்றாள். பெண் மிகவும் வெளுத்து, படியேறினால் மூச்சு வாங்கும் நிலையில் இருந்தாள். வீட்டுப் பெரியவர்கள் கூடி, “பச்சை உடம்புக்காரிக்குக் கறிக்கடைக் கோழியில் என்ன சத்து இருக்கிறது? கௌதாரியோ காட்டுக்கோழியோ கிடைத்தால்தான் இரத்தம் ஊறும்” என்று தீர்மானித்தனர். சட்டம் தடுக்கும் காரியமென்று அறிந்தும் யாம் வாய் திறந்திலேம். ஒருவர் மறைவாக இரண்டு கௌதாரிகளைக் கொண்டுவந்து, கோழியின் விலையைப் போலப் பன்மடங்கு பெற்றுச் சென்றார். உரித்துப் பார்த்தால் எலும்போடு சேர்த்து இரண்டும் அரைக் கிலோவும் தேறவில்லை. அன்று இலையில் அமர்ந்தவர் ஒன்பது பேர். நெஞ்சுக்கறியும் தொடையும் வீட்டு ஆண்களுக்கும் வந்திருந்த விருந்தினர் ஒருவருக்கும் சென்றன. எமக்கும் ஒரு துண்டு வந்தது, யாமும் உண்டோம். யாருக்காக அப்பறவைகள் கொல்லப்பட்டனவோ அவளுக்குக் கழுத்தெலும்பு மிதந்த ரசம் ஒரு கிண்ணம் கிடைத்தது.

இரண்டு வாரம் சென்று மருத்துவரிடம் காட்டியபோது, இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.4 கிராமே இருந்தது. பெண்களுக்கு 12 இருத்தல் வேண்டும். அன்று எமக்கு உண்டான வெட்கமே இவ்வுரைக்குக் காரணமாகும். வேட்டையிறைச்சியில் உண்மையாகவே மேலான சத்து உண்டா? உண்டெனில் எவ்வளவு? அதை வேறு வழியிற் பெறலாகாதா? இவற்றை ஆராய்ந்து யாம் அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கின்றோம்.

முன்னோர் சொல்லை முற்றும் மூடநம்பிக்கை என்று தள்ளுவது நியாயமன்று. அதில் உண்மையும் கலந்தே இருக்கிறது. அமெரிக்க தேசத்து விவசாய இலாகா, உணவுப் பொருள்களின் சத்துக்களை அளந்து பட்டியலாக வெளியிட்டு வருகிறது. அப்பட்டியலில் அந்நாட்டு மானும் காட்டு முயலும் காட்டு வாத்தும் உள்ளன. யாம் சொல்லும் அளவுகள் யாவும் சமைக்காத இறைச்சி 100 கிராமுக்கு உரியவை.

புரதத்தை முதலிற் பார்ப்போம். மானிறைச்சியில் ஏறத்தாழ 23 கிராம், காட்டு முயலில் 22, காட்டுப்பன்றியில் 21½, தோல் நீக்கிய கோழியின் நெஞ்சுக்கறியில் 22½, தொடைக்கறியில் 20. ஆகவே, தசையை வளர்க்கும் சத்தாகிய புரதத்தில் காட்டு மிருகத்திற்கும் வீட்டுக்கோழிக்கும் சொல்லத்தக்க பேதம் இல்லை. கோழிக்கறியில் சத்தே இல்லையென்னும் பேச்சு இவ்விடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

அடுத்தது கொழுப்பு. மானில் 2½ கிராமுக்கும் சற்றுக் குறைவு. காட்டு முயலில் 2.3, தோல் நீக்கிய கோழி நெஞ்சில் 2.6, தொடையில் 4. இதிலும் பெரிய பேதம் இல்லை. ஆனால் கோழியைத் தோலோடு நிறுத்தால் கொழுப்பு 15 கிராமாக ஏறிவிடுகிறது; வெப்ப அளவு 215 கலோரி ஆகிறது. வாத்தின் கணக்கு இன்னும் வியப்பானது. தோலோடு கூடிய காட்டு வாத்தில் 15 கிராம் கொழுப்பிருக்க, தோலோடு கூடிய வளர்ப்பு வாத்தில் 39 கிராம் இருக்கிறது. பறந்து திரிந்து இரை தேடும் பறவைக்குக் கொழுப்பைச் சேமிக்க வாய்ப்பில்லை. கூட்டில் அடைபட்டு வேளை தவறாமல் தீவனம் தின்னும் பறவைக்குச் செலவு இல்லை, வரவே உண்டு. மனிதருக்கும் இதுவே நியாயமன்றோ?

மூன்றாவது அயம், அதாவது இரும்புச்சத்து. வேட்டையிறைச்சியின் உண்மையான மேன்மை இங்கேதான் இருக்கிறது. மானில் 3.4 மில்லிகிராம்; காட்டு முயலில் 3.2, காட்டு வாத்தின் நெஞ்சுக்கறியில் 4½. கோழித் தொடையிலோ 0.8, நெஞ்சில் 0.4 மாத்திரமே. வளர்ப்பு முயலில் 1.6 என்பதையும் நோக்குக; காட்டு முயலில் உள்ளதில் அது பாதியே. மருமகளுக்கு இரத்தம் ஊறவேண்டிக் கௌதாரியைத் தேடிய கிழவியின் வாக்கு வெறும் கற்பனையன்று என்பது இதனால் விளங்கும்.

இப்பேதத்திற்குக் காரணம் யாது? இறைச்சியின் நிறத்தைப் பார்த்தாலே அது விளங்கும். ஓயாது உழைக்கும் தசைக்குப் பிராணவாயு மிகுதியாக வேண்டும். அவ்வாயுவைத் தசையினுள் ஏந்தி வைத்திருக்கும் சிவந்த பொருளுக்கு மயோகுளோபின் என்று பெயர். அதன் நடுவே அயம் இருக்கிறது. கோழி பெரும்பாலும் நடக்கும், அரிதாகவே பறக்கும். ஆதலின் அதன் தொடை சிவந்தும், நெஞ்சு வெளுத்தும் காணப்படுகின்றன. நெடுந்தூரம் பறக்கும் வாத்துக்கு நெஞ்சே சிவந்திருக்கிறது. பண்ணைகளில் வளர்த்துக் கடைகளில் விற்கும் ஜப்பானியக் காடை கூட்டில் வளர்ந்தாலும், இனத்தின் இயல்பால் அதன் கறி கோழிக்கறியைவிடச் சிவந்தே இருக்கும். ஆகவே அயத்தைத் தருவன இனத்தின் இயல்பும் உடலுழைப்பும் வயதுமேயன்றி, காடு என்னும் பெயரன்று.

இனி, கறிக்கடைக் கோழியைப் பற்றிய ஓர் ஐயத்தையும் தீர்த்துவிடுவோம். அது ஊசி போட்டு ஊதவைத்த கோழி என்று பலரும் பேசுகின்றனர். இறைச்சிக் கோழி விரைந்து வளர்வதற்குக் காரணம் வளர்ச்சி ஊசியன்று. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனப்பெருக்கமும் அளந்து கொடுக்கும் தீவனமுமே காரணங்கள். கனடா தேசத்து ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957-ஆம் ஆண்டுக் கோழியினத்தையும் 2005-ஆம் ஆண்டுக் கோழியினத்தையும் ஒரே தீவனம் கொடுத்து ஒருங்கே வளர்த்துப் பார்த்து, 2014-இல் முடிவை வெளியிட்டனர். 56 நாளில் முன்னது 905 கிராமும், பின்னது 4,202 கிராமும் எடை இருந்தன. நம் நாட்டில் அத்தகைய கோழி ஆறு வாரத்திற்குள்ளேயே கடைக்கு வந்துவிடுகிறது. இளங்குஞ்சின் கறி வெளுத்தும் மெத்தென்றும் இருப்பதில் வியப்பென்ன? நம் ஊர்ச் சிறுவிடைக் கோழியோ மாதக்கணக்கில் குப்பையைக் கிளறி, பூச்சியும் தானியமும் பொறுக்கி, நாயைக் கண்டு கூரைமேல் ஏறி வளர்வது. அதன் கறி இறுகியிருப்பதும் சுவை மிகுந்திருப்பதும் அந்த வாழ்க்கையினாலேதான்.

ஆனால் இறைச்சிக் கோழி குற்றமே அற்றதென்றும் யாம் சொல்லவில்லை. நோய் வாராதிருக்கவும் விரைந்து வளரவும் கிருமிக்கொல்லி மருந்துகளைத் தீவனத்தில் கலக்கும் வழக்கத்தினால், அம்மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. கோலிஸ்டின் என்பது வேறு மருந்துகள் பயன்படாத இடத்தில் மனிதருக்குக் கொடுக்கப்படும் கடைசி மருந்துகளுள் ஒன்று. அதை உணவுப் பிராணிகளுக்குக் கொடுக்கலாகாதென்று இந்திய அரசாங்கம் 2019-ஆம் ஆண்டில் தடைவிதித்தது. நம்மவருள் கோழிப்பண்ணை வைத்திருப்போர் இதை ஒரு தருமமாகவே ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

காட்டுக்கோழியின் மேன்மையைப் பேசுவோருக்கு மற்றொரு செய்தியும் உண்டு. வீட்டுக்கோழியின் மூதாதை, செங்காட்டுக்கோழி என்பர். ஆனால் பல வீட்டுக்கோழிகளின் தோலும் காலும் மஞ்சளாயிருப்பதற்குரிய மரபுக்கூறு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பற் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததென்று 2008-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கண்டனர். நம் மலைக்காட்டின் பறவை என்றோ நம் வீட்டுக் கூட்டிற்குள் குடிவந்துவிட்டது. அதைத் தேடி மறுபடியும் கண்ணியோடு காட்டிற்குள் செல்ல வேண்டுவதில்லை.

சிலர், “அயம் மிகுதியென்று நீங்களே ஒப்புக்கொண்டபின், கிடைக்கும்போது உண்டாலென்ன?” என்று வினவலாம். இதற்கு மூன்று விடைகள் சொல்வோம்.

முதலாவது, அளவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டு விதிப்படி, வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் அயம் வேண்டும்; ஆணுக்கு 19 போதும். ஆண்டிற்கு இரண்டு முறை கிடைக்கும் ஒரு துண்டு வேட்டையிறைச்சி இப்பெருந்தேவையில் எம்மூலைக்குக் காணும்? கர்ப்பிணிகளுக்கு அரசாங்க மருத்துவ நிலையங்களில் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் அயம் இருக்கிறது. மானிறைச்சியில் அவ்வளவு அயம் வேண்டுமாயின் ஒன்றே முக்கால் கிலோ வேண்டும். இறைச்சியிலுள்ள அயம் மாத்திரையிலுள்ளதைவிட எளிதில் உடம்பிற் சேரும் என்பது மெய்யே. அதன் பொருட்டுக் கணக்கில் பாதியைக் கழித்துவிட்டாலும், தினந்தோறும் முக்கால் கிலோவுக்கு மேல் மானிறைச்சி உண்பவர் எவர்?

இரண்டாவது, அபாயம். ஈயக் குண்டினால் சுட்ட மிருகத்தின் கறியில் கண்ணுக்குத் தெரியாத ஈயத்துகள் குண்டுபட்ட புண்ணுக்கு வெகுதூரம் வரை சிதறிக் கிடக்கும். 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட டகோட்டா மாகாணத்தில் 738 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, வேட்டையிறைச்சி உண்போரின் இரத்தத்தில் ஏனையோரினும் ஈயம் மிகுந்திருக்கக் கண்டனர். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. வயிற்றிலுள்ள சிசுவையும் தாக்குவது. இரத்தம் ஊறவேண்டிக் கொடுத்த உணவே நஞ்சாகலாமா? அன்றியும், காட்டுப்பன்றியின் தசையில் புழுக்கூடுகள் இருக்கக்கூடும். கடைக் கறிக்கு மேற்பார்வை செய்ய அதிகாரிகள் உளர். மறைவாக வரும் கறிக்கு ஒருவரும் இலர். அது எந்த மிருகம், எப்பொழுது செத்தது, நோயில் விழுந்ததா என்பதைச் சொல்வார் யார்?

மூன்றாவது, சட்டம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், மான், முயல், கௌதாரி, காட்டுக்கோழி முதலியவற்றை வேட்டையாடுதலைக் குற்றமாக்கியுள்ளது. 2022-ஆம் ஆண்டில் அது திருத்தப்பெற்று, 2023 ஏப்ரல் முதல் தண்டனை கடுமையாயிற்று. சாதாரணக் குற்றத்திற்கே மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். உடும்பு போன்ற முதல் அட்டவணைப் பிராணிகளாயின், மூன்றாண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறை. மாசி, பங்குனியில் முயல் வேட்டைக்குக் கிளம்பும் வழக்கம் சில ஊர்களில் இன்னும் உண்டு. ஒரு முயலுக்காக ஓர் இளைஞன் வழக்கில் அகப்பட்டு, வேலைக்கு மனுச்செய்யும்போது அவ்வழக்கு குறுக்கே நிற்குமாயின், அவன் குடும்பம் இழப்பது எத்துணை! சட்டத்திற்கு அஞ்சியேனும் இவ்வழக்கத்தை விடுக. காட்டின் மேல் உள்ள அன்பினால் விடுவதாயின் இன்னும் நன்று.

ஆயின் வெளுத்துப்போன பெண்ணுக்கு நாம் கொடுக்கவேண்டுவது யாது? நம் வீட்டுக்கோழியிலேயே அதற்கு வழியிருக்கிறது. கோழியீரல் 100 கிராமில் 9 மில்லிகிராம் அயம் உள்ளது. ஐம்பது கிராம் ஈரலிலுள்ள அயம் 130 கிராம் மானிறைச்சியில் உள்ளதற்குச் சமம். இரத்த விருத்திக்கு வேண்டிய போலிக் அமிலமும் பி-12 என்னும் உயிர்ச்சத்தும் அதில் நிரம்ப உண்டு. விலையும் மலிவு. வாரத்திற்கு ஒருமுறை நன்றாக வேகவைத்து உண்டால் போதும். ஆனால் ஈரலில் ஏ உயிர்ச்சத்து மிகுதியாக இருத்தலின், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேளாமல் அதை உண்ணலாகாது.

தோலை நீக்குக, குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியைக் கொடுக்க. ரசம் குடிப்பது நாவிற்கும் வயிற்றுக்கும் இதமே. ஆனால் புரதமும் அயமும் பெரும்பாலும் கறியிலேயே தங்கிவிடுகின்றன. கறியை ஒருவர் தின்று, சாற்றை மற்றொருவர் குடித்தால், சத்து கறி தின்றவருக்கே சேரும். உணவோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் கீரை, பயறுகளிலுள்ள அயமும் நன்கு உட்செல்லும். உண்டவுடன் காப்பியும் தேநீரும் குடிப்பது அதைத் தடுக்கும். புலால் உண்ணாத குடும்பத்தாரும் இவ்விதியைக் கைக்கொள்ளலாம். இவையெல்லாம் மாத்திரைக்குத் துணையேயன்றி அதற்கு மாற்றல்ல என்பதையும் நினைவிற்கொள்க.

அன்பர்களே! இப்பொழுது எம் உரையின் முடிவான பகுதிக்கு வருகின்றோம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் இரத்தக் குறைவுடையவர்கள். நம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேர். இந்திய ஆண்களுள் நூற்றுக்கு 25 பேரே. பெண்களுக்கு மாதந்தோறும் உதிரப்போக்கும், பிரசவமும், பாலூட்டலும் இருக்கின்றன. தேவை அவர்களுக்கே மிகுதி. ஆனால் நம் இலைகளில் நடக்கும் பரிமாறல் எவ்வாறு இருக்கிறது? ஆண்கள் முதற்பந்தி, தொடையும் ஈரலும் அவர்களுக்கு. குழந்தைகளிலும் பையனுக்குத் தொடை, பெண்ணுக்கு இறக்கை. தாய்மார்கள் கடைசிப் பந்தியில் குழம்பும் எலும்பும் கொண்டு எழுந்துவிடுகின்றனர். இதைக் கொடுமையென்று எவரும் எண்ணிச் செய்வதில்லை, பழக்கத்தினால் செய்கின்றோம். எம் வீட்டிலும் அவ்வாறே செய்தோம். கௌதாரி காட்டிலிருந்து வந்ததா, கோழி கடையிலிருந்து வந்ததா என்று வாதித்துக்கொண்டிருந்தோமேயன்றி, அக்கறி எவருடைய இலைக்குச் சென்றதென்று ஒருவரும் பார்க்கவில்லை.

ஆகலின் இச்சபையின் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றோம். சங்கத்தைச் சார்ந்த குடும்பங்களின் விருந்துகளிலும் விழாக்களிலும் வேட்டையிறைச்சி ஒருபோதும் இடம்பெறலாகாது. ஆண்டு விழாவில் மருத்துவர் ஒருவரை அழைத்து, நம் பெண்களுக்கும் குமரிகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். சங்க விருந்தில் தாய்மார்களையும் குழந்தைகளையும் முதற்பந்தியில் அமர்த்துதல் வேண்டும். மூன்றாவதற்குச் செலவு ஒரு காசும் இல்லை; ஆயினும் மூன்றனுள் அதுவே கடினமானது என்பதை யாம் அறிவோம். தலைவர் அவர்கள் முதல் இலையை விட்டுக் கொடுத்து அதைத் தொடங்கிவைப்பாராயின், பிறர் தாமே பின்பற்றுவர்.

எம் மருமகளைப் பற்றிச் சொல்லி முடிக்கின்றோம். மருத்துவர் தந்த மாத்திரையை அவள் மூன்று மாதம் தவறாமல் உட்கொண்டாள். வாரந்தோறும் வாங்கிய கோழியில் ஈரலும் ஒரு தொடையும் அவளுக்கென்று முதலில் எடுத்து வைக்கப்பட்டன. எடுத்து வைத்தவர், கௌதாரி வேண்டுமென்று சொன்ன அதே பெரியவளேயாவர். மூன்றாம் மாத முடிவில் ஹீமோகுளோபின் 11.6 ஆயிற்று. இப்பொழுது அவள் மாடிப்படி ஏறி இறங்குகிறாள், மகவும் நலமாயிருக்கிறது.